பிழை பொறுக்கக் கேட்டு வந்தவர்கள்

எனக்குக் கான்சர் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார். சாகக் கிடக்கிறவரிடம் மற்றவர்கள் வந்து அப்படிக் கேட்பார்கள். அல்லாஹ்வுக்குச் செய்த தப்பை அல்லாஹ் மன்னிப்பான். மனுசனுக்குச் செய்த தப்பை அந்த மனுசன்தான் பொறுக்க வேண்டும். அவன் மண்ணுக்குள் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? நல்ல வழக்கம்தான். கட்டிலில் கிடக்கிறவனுக்குத் தான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பது தெரியும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

வயிறு வீங்கி, இதுவா அதுவா என்று தெரியாமல் கிடக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது என் மகள் நூர்ஜகான். பம்பாயில் பிறந்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் இதை வாசித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆகும் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

தாராவியில் தோல் பையும் பெல்ட்டும் தைக்கிற சின்னப் பட்டறை என்னுடையது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். எண்பதுகளின் நடுவில், மழை ஓய்ந்த சமயத்தில் இது தொடங்கியது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், காலையில் இருக்காது. சோறு இறங்கவில்லை. கையும் காலும் குச்சியாகிக்கொண்டே போக, வயிறு மட்டும் முன்னால் வந்தது. பட்டறையில் வேலை செய்கிறவர்கள், மொதலாளிக்கு வருமானம் வயிற்றில் தெரிகிறது என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தெருமுனை டாக்டர் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். லுங்கி இடுப்பில் நிற்காமல் தொப்புளுக்குக் கீழே இறங்கியபோதுதான் என் மனைவி ரஹ்மத்து பயந்துபோய்த் தன் அண்ணன் காதரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

காதர் மச்சானுக்குப் பக்கத்துச் சந்தில் பெல்ட்டுக்கான பக்கிள் விற்கிற கடை. எனக்கு மூத்தவர், தொழுகை தவறாதவர், ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முடிக்காமல் தூங்கமாட்டார். என்னை மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வரிசையில் நின்று சீட்டு எடுத்ததும், படுக்கை கிடைக்கும்வரை வராந்தாவில் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவர்தான். தினமும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து ஊட்டினார். சவரம்கூடச் செய்துவிட்டார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வரப்போவது வேறு என்பதால்.

வார்டில் என்னைப் பார்த்த டாக்டரம்மா மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுத் தமிழ்க்காரி. நான் பேசுகிற தமிழ் தனக்குப் பாதிதான் புரிகிறது, ஆனால் வயிறு எல்லாருக்கும் ஒரே பாஷைதான் பேசும் என்றார். வயிற்றில் தட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றார். ஊசி குத்தி எடுத்தார்கள். இளம் மஞ்சள் நிறத்தில் பாட்டிலில் இறங்கியது. அதைச் சோதித்ததில் கான்சர் அணுவும் இல்லை, டி.பி. கிருமியும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம், இரண்டுமே தண்ணீரில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும் சாதியாம். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. வயிற்றின் மேல் பசையைத் தடவி உருட்டிப் பார்க்கிற சோனோகிராபியில் உள்ளே அங்கங்கே கட்டிகள் தெரிந்தன. அறுவை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கான்சர் வயிறு முழுவதும் பரவிய மாதிரி இருக்கிறது, திறந்து பார்த்துவிடலாம் என்றார். டாக்டரம்மா, கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு சி.டி. ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று தடுத்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று டாக்டரம்மா மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, கான்சர் பரவினதாக இருக்கலாம், வயிற்று டி.பி.யாகவும் இருக்கலாம், படம் பார்த்தால்தான் தெரியும் என்று இரண்டையும் சொல்லியிருக்கிறார். மச்சான் வீட்டுக்கு ஒன்றைத்தான் கொண்டுபோனார். டி.பி. என்றால் இருமல் வேண்டும், ரத்தம் துப்ப வேண்டும் என்பது எங்கள் எல்லாருடைய நினைப்பு. வயிற்றில் வரும் என்று யார் கண்டது? அவர் அந்த வார்த்தையைக் கீழே போட்டதற்கு வேறு காரணமும் இருந்தது, அது பிறகு வரும். கான்சர் என்றதும், காலம் குறைவு, ஜனங்களுக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று மார்க்கக் கடமையாகக் கிளம்பிவிட்டார்.

முதலில் வந்தவர் அபுபக்கர். முன்னே எங்கள் சந்தில் இருந்து டோம்பிவிலிக்குக் குடிபோனவர். அவரைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. பார்வையாளர் நேரத்தில் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. என் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஏதும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் எனக்கு ஒரு தப்பும் செய்ததில்லை. அதனால்தான் அதிகம் பயந்தேன். பொறுத்தேன் என்றேன். எழுந்து போனவர் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் இன்னும் சிலர். அதற்கு மறுநாள் வரிசையே வந்தது. எல்லாரும் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள், அதே மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்கள். யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. பிறகு நினைவு வைத்துக்கொள்ளப் பார்ப்பதுபோல முகத்தையே பார்த்தார்கள். சீக்கிரம் நல்லாகிவிடும் என்று ஒப்புக்குக்கூட ஒருவரும் சொல்லவில்லை. என் பட்டறையில் வெகுகாலம் தைத்தவன், என் பை மாதிரியை வெட்டி அடுத்த பட்டறைக்குக் கொடுத்ததாகச் சொல்லி அழுதான். எதிர்ச் சந்துக்காரர், என் பட்டறை தீப்பிடிக்க வேண்டும் என்று ஒரு ரமலானில் துஆ கேட்டதாகச் சொன்னார். பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்று தொழுகிற மனுசர் அவர். பொறுத்தேன், பொறுத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்னதும் அவர்கள் முகம் லேசாகிவிடும். சலாம் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அடுத்த கட்டிலில் கிடந்த மராத்தி மில் தொழிலாளி, நீங்கள் ஏதும் பாபாவா, எல்லாரும் வந்து கையைத் தொடுகிறார்களே என்று இந்தியில் கேட்டார்.

அந்த நாட்களைப் பற்றி உள்ளபடி சொல்கிறேன். நான் செத்துவிட்டேன், எனக்குத்தான் தகவல் வந்து சேரவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. கட்டிலில் கிடந்தவன் எப்போதோ போய்விட்டான், அவன் இடத்தில் வேறு யாரோ படுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறான். ஒரு சாயங்காலம் பொறுத்தேன் என்று நான் சொன்ன குரல் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. அதற்குப் பிறகு குரல் வெளியே வராமல் தலையை மட்டும் ஆட்டினேன். ரஹ்மத்திடம் எனக்கு என்ன நோய் என்று ஒரு முறைதான் கேட்டேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தவள், சுளைகளை ஒவ்வொன்றாக நார் எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்கேனுக்கு முதல் நாள் மச்சானும் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் போன பிறகு, சூப் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, மற்றவர்கள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, நம்ம நூர்ஜகானுக்கு மான்குர்த்துல இருந்து வந்த சம்பந்தத்த நான்தான் கெடுத்தேன்."

நூர்ஜகானுக்கு அப்போது இருபது வயது. மான்குர்த்துப் பையன் வாஷியில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன வாரம் முழுவதும் பாட்டோடுதான் பாத்திரம் கழுவினாள். தேதி குறிக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் பேச்சு மூச்சில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். காரணம் தெரியாமல் நாங்கள் தவித்தபோது எங்களோடு சேர்ந்து தவித்தவர் மச்சான். அவர் தன் மகன் பஷீருக்கு அவளைக் கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. அந்தக் கோபத்தில் மான்குர்த்துக்கு ரயிலேறிப் போயிருக்கிறார். என் வாப்பா இருமி இருமிச் செத்ததை வைத்து, அது டி.பி. வம்சம், அந்த வீட்டுக்குள் நோய் இருக்கிறது, வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு மறைக்கிறார்கள் என்று பையனின் வாப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் தலையை மடியில் வைத்திருந்த மனுசர். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சாகப்போகிறவனுக்குக் கோபம் எதற்கு, அது உயிரோடு இருக்கிறவர்களுக்கு வேண்டிய சாமான். பொறுத்தேன் மச்சான் என்றேன். அவர் என் கையில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதார்.

அப்போது பம்பாயில் அந்த ஸ்கேன் மிஷின் ஒரு சில இடங்களில்தான் இருந்தது. டாக்ஸியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சொன்ன தொகையைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. பட்டறைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போட்டுக் கட்டினார்கள், என் பட்டறை எரியத் துஆ கேட்டவர் உட்பட. பேச்சுத் துணைக்கு நூர்ஜகான் வந்தாள். குடல் படத்தில் தெரிவதற்காக ஒரு மருந்துத் தண்ணீரைக் கொடுத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு டம்ளரையும் தானே ஊதி ஊதிக் கொடுத்தாள், ஆறிப்போன தண்ணீர்தான் அது. மச்சான் செய்ததை அவளிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

உள்ளே குளிர். பெரிய வளையம் ஒன்று, நடுவில் என்னைப் படுக்கவைத்த பலகை. எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். கையில் ஏற்றிய மருந்து தொண்டையில் சூடாகத் தொடங்கி அடிவயிறுவரை இறங்கியது. சிறுநீர் போய்விட்டதோ என்று பதறிப்போனேன். அப்படித்தான் தோன்றும், போயிருக்காது, பயப்பட வேண்டாம். மூச்சை நிறுத்து என்று இந்தியில் ஒரு குரல் வந்தது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். வளையம் முனகியது. மூச்சு விடு என்றது குரல். பலகை ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி மூச்சை நிறுத்து. ரொட்டியைத் துண்டு போடுவதுபோல வயிற்றை மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிக்கிறார்களாம், ஒரு துண்டுக்கு ஒரு மூச்சு. இடையில் ஒரு தடவை மூச்சை நிறுத்தச் சொன்ன குரல் அதற்குப் பிறகு வரவே இல்லை. மிஷினும் நின்றுவிட்டது. நான் நிறுத்தியபடியே கிடந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், வேலை முடிந்துவிட்டது, இனி விடச் சொல்ல யாரும் இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதில் பயம்கூட இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் உடம்பைச் சிலிர்க்கவைக்கிறது. எல்லாரையும் பொறுத்தாகிவிட்டது, விட வேண்டிய மூச்சு என்று ஒன்று பாக்கி இல்லை என்று கிடந்தேன். அப்போது நெஞ்சு அதுவாகவே முட்டி, இருமிக்கொண்டு மூச்சு வெளியே வந்தது. மிஷின் சூடாகிவிட்டதால் சற்று நிறுத்தினோம் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் டாக்டரம்மா படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். ரஹ்மத்தும் நூர்ஜகானும் கட்டிலுக்கு ஒரு பக்கம், மச்சான் டாக்டரம்மாவுக்குப் பின்னால். எனக்கு என்ன நோய் என்று என்னிடமே முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். குடலைச் சுற்றி மெல்லிய போர்வை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, அது தடித்துப்போயிருக்கிறது என்றார். கான்சர் பரவினால் பெரும்பாலும் அது முண்டும் முடிச்சுமாகத் தடிக்கும், டி.பி. என்றால் அநேகமாக ஒரே சீராக, வழவழவென்று. பிறகு நெறி கட்டியிருந்த இடத்தை விரலால் காட்டினார்.

"பாருங்கோ, நடுவுல கறுப்பு, சுத்தி வெள்ளை வளையம். உள்ள அழுகியிருக்குன்னு அர்த்தம். எனக்கு டி.பி.ன்னுதான் தோணறது. ஆனா படம் சத்தியம் பண்ணாது, பக்கம்தான் காட்டும். சின்ன ஓட்டை போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துடலாம்."

ரஹ்மத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மச்சானைப் பார்த்தேன். கான்சர் என்று நம்பி எனக்குச் சூப் ஊட்டியபோது அந்த முகத்தில் இல்லாத பயம் இப்போது இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

தொப்புளுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எடுத்த துணுக்கிலும் டி.பி. என்றே வந்தது. ரஹ்மத்து வார்டு முழுவதும் பேடா கொடுத்தாள். டி.பி. வந்ததற்கா இனிப்பு என்று ஆயா திகைத்துப்போய், கையில் வாங்கியதைத் தின்னலாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு தினமும் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை. ஒரு மாத்திரையில் சிறுநீர் செம்மண் தண்ணீராகப் போகும், அது மருந்தின் நிறம்தான். வயிற்று டி.பி. பக்கத்தில் உட்கார்வதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒட்டாது, ஆனாலும் வீட்டில் எல்லாரும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. எடுத்தோம், எல்லாரும் சுத்தம்.

வயிறு வற்றி, லுங்கி இடுப்புக்கு ஏறி, நான் தாராவிக்குத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்டவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. என்னோடு மண்ணுக்குள் போகும் என்று நம்பிச் சொன்னதெல்லாம் கையை வீசிக்கொண்டு சந்தில் நடந்து வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? எதிர்ச் சந்துக்காரர் தொழுகைக்கு வேறு பள்ளிவாசலுக்குப் போனார். மாதிரி வெட்டிக் கொடுத்தவன் வேலையை விட்டு நின்றுவிட்டான். சலாம் சொன்னால் சிலர் பதில் சொல்வதற்கு முன் என் காலைப் பார்த்தார்கள், தரையில் பாவுகிறதா என்று.

மச்சான் மட்டும் வரவே இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, வெயிலோடு வந்தார். உட்காரவில்லை. ரஹ்மத்து அடுத்த வீட்டுக்குப் போயிருந்தாள். நூர்ஜகான் தடுப்புக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, அன்னைக்கிக் கேட்டது சாவப்போற ஆளுகிட்ட. அது செல்லாது. இப்பம் உசுரோட இருக்கிற ஒங்ககிட்டக் கேக்குதேன். பொறுத்துக்கிடுங்க."

அவர் நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் வராத கோபம் மொத்தமும் அந்த நிமிஷம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வாயைத் திறந்தேன், அந்த வார்த்தை வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் அன்று அள்ளிக் கொடுத்தது என்னுடையதே இல்லை.

"அது அவளுக்கு உள்ளது மச்சான். அவகிட்டக் கேளுங்க" என்றேன்.

தடுப்புக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. நூர்ஜகான் வெளியே வந்தாள். மச்சான் அவள் பெயரைச் சொன்னார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தெரியும் மாமா என்றாள் அவள். அந்தப் பையனின் தங்கை இவளோடு படித்தவள்; அப்போதே சொல்லிவிட்டாளாம். எங்கள் மனசு உடையும், உம்மாவுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடும் என்று இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் பேச்சு பரவி, கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தியதும் அவளுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அதை அவள் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது டி.பி. இருக்கிற வீடு மாமா. தண்ணி குடிப்பியளா?"

மச்சான் இரண்டு கையாலும் வாங்கினார். பாதி தாடியில் சிந்தியது. அவர் குடித்து முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டு, இன்னொண்ணு வேணுமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அதையும் குடித்தார்.

இப்போதும் வந்தால் முதலில் தண்ணீர்தான் கேட்கிறார். அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். பொறுத்தேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.